பி.எஸ்சி. நர்சிங் முடித்ததும் முதல் வேலைக்கு எந்தப் பிரிவு நல்லது: ஐசியூவா, தியேட்டரா, டயாலிசிஸா?

உங்கள் நிலைமை இதுதான் என்று புரிந்துகொள்கிறேன். படிப்பு முடிந்து நர்சிங் கவுன்சில் பதிவும் வந்துவிட்டது. தனியார் மருத்துவமனை நேர்காணலில் ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம் என்றிருக்கிறார்கள். டயாலிசிஸ் என்றால் நைட் டியூட்டி குறைவு, அதையே எடு என்கிறார் அம்மா. ஐசியூ அனுபவம் இல்லாமல் வெளிநாடு போக முடியாது என்கிறார்கள் கூடப் படித்தவர்கள்.

முதல் ஆறு மாதம் மெடிக்கல் வார்டு (அறுவைச் சிகிச்சை தேவைப்படாத நோயாளிகளின் பொது வார்டு) கொடுங்கள், அதன் பிறகு ஐசியூவுக்குப் போகிறேன் என்று கேளுங்கள். இதுதான் என் பதில். என்.எஸ். மேடம் (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்) உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். மெடிக்கல் வார்டை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். அதனாலேயே கேட்டால் கிடைத்துவிடும்.

தென் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் நான் ஐசியூ இன்சார்ஜ். புதிதாக ஒருவர் வந்தால் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிப்பேன். அலாரம் அடித்ததும் அவர் கை மானிட்டரின் பொத்தானுக்குப் போகிறதா, நோயாளியின் மணிக்கட்டுக்குப் போகிறதா? கல்லூரியிலிருந்து நேராக ஐசியூவுக்குள் நுழைந்தவர்களின் கை பெரும்பாலும் பொத்தானுக்குத்தான் போகும். அவர்கள் மேல் குற்றமில்லை. மானிட்டர் இல்லாத இடத்தில் வேலை பார்த்திருந்தால்தானே ஆளைப் பார்க்கும் பழக்கம் வரும்?

மெடிக்கல் வார்டு அந்தப் பழக்கத்தைத் தரும். இரவு இரண்டு மணி, முப்பது கட்டில், இரண்டே நர்ஸ்கள். ஒரு பாட்டிக்குச் சாயங்காலம் இன்சுலின் போட்டிருக்கிறது. இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்ததில் ஒன்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார். இப்போது ஏதோ முணுமுணுக்கிறார். 'தூக்கக் கலக்கம் சிஸ்டர், வயசாயிடுச்சுல்ல' என்கிறார் பக்கத்தில் படுத்திருக்கும் மகள். நெற்றியைத் தொட்டால் சில்லென்று நனைந்திருக்கிறது. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கிறது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை வெறும் 42. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏறிய சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, காபி இருக்கிறதா என்று கேட்பார். எந்த அலாரமும் அடிக்கவில்லை. தொட்டுப் பார்த்த கைதான் கண்டுபிடித்தது.

இன்னொன்று மூச்சு எண்ணிக்கை. எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், எல்லாக் கட்டிலிலும் 20 என்றுதான் எழுதியிருக்கும். எண்ணாமலே எழுதுவது நம் தொழிலின் பழைய வியாதி. நீங்கள் முழு நிமிடம் எண்ணுங்கள். பிரஷர் 110/70, ஆக்சிஜன் 96 என்று எல்லாம் அழகாக இருக்கும். மூச்சு மட்டும் 28 இருக்கும். கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் வரும். கிருமித் தொற்று உடம்பு முழுவதும் பரவுவதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். மூச்சு 22ஐத் தாண்டினாலே டாக்டரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். பிரஷர் இறங்கிய பிறகு கூப்பிட்டால் தாமதம்.

இந்தக் கண் வந்த பிறகு ஐசியூவுக்கு வாருங்கள். அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பிரஷரை ஏற்றிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருக்கும் சிரிஞ்ச் தீரும்வரை காத்திருந்து அடுத்ததைக் கலந்தால், அந்த இடைவெளியிலேயே பிரஷர் சரிந்துவிடும். அதனால் அடுத்த சிரிஞ்சை முன்கூட்டியே ஏற்றி இரண்டாவது பம்பில் தயாராக வைத்திருக்க வேண்டும். இந்த முன்யோசனையைத்தான் நாங்கள் ஐசியூ வேலை என்கிறோம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் என்பது புத்தகக் கணக்கு. பல இடங்களில் ஒருவர் தலையில் இரண்டு மூன்று பேர் விழுவார்கள். நேர்காணலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

தியேட்டர் வேறு உலகம். ஒழுங்கும் வரிசையும் பிடிக்கும், நோயாளியோடும் உறவினர்களோடும் பேசிக்கொண்டிருக்க அவ்வளவு விருப்பமில்லை என்றால் அது உங்களுக்கு ஏற்ற இடம். ஆனால் தைரியம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று அதில் மூன்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் கருவிகள், மாப் (ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி), ஊசிகளின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டியவர் நர்ஸ். மூத்த சர்ஜன் தையலை ஆரம்பிக்கக் கையை நீட்டும்போது, 'சார், ஒரு மாப் குறைகிறது' என்று சொல்லிவிட்டு, அவர் முறைத்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். முதல் வருடத்திலேயே அது வருமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தியேட்டரில் பழகியவர்களை நிர்வாகம் எளிதில் வேறு இடத்துக்கு விடாது, அதையும் மனதில் வையுங்கள்.

டயாலிசிஸை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அதே முகங்கள். வருடக்கணக்கில் வருவதால் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வரை உங்கள் கைக்கு வரும். ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாய்) மேல் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பதும், பிரஷர் இறங்குவதற்கு முன்பே நோயாளி கொட்டாவி விடுவதைக் கவனிப்பதும் அனுபவத்தில் வரும் நுட்பங்கள். ஆனால் முதல் வேலையாக வேண்டாம். கற்பது ஆழமாக இருக்கும், அகலமாக இருக்காது. இரண்டு வருடம் கழித்து வேறு மருத்துவமனை நேர்காணலில் நெஞ்சுவலி நோயாளிக்கு முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் விழிப்பீர்கள். நைட் டியூட்டி குறைவு என்பதும் எல்லா இடத்திலும் உண்மை இல்லை; பெரிய மருத்துவமனைகளில் இரவு ஷிஃப்டும் ஓடுகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் சொல்வதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. படிக்கும்போதே லேபர் வார்டு போஸ்டிங் என்றால் பசி மறந்து நின்றவரா நீங்கள்? அல்லது பச்சிளங்குழந்தைப் பிரிவை விட்டு வர மனமில்லாமல் வந்தவரா? அப்படியானால் நேராக அங்கேயே போங்கள், வார்டில் ஆறு மாதம் கழிக்க வேண்டாம். கணக்கில் மட்டும் உறுதியாக இருங்கள். ஜென்டாமைசின் ஆம்பூல் 2 மில்லியில் 80 மில்லிகிராம். 1.2 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தால் தேவை 6 மில்லிகிராம், அதாவது 0.15 மில்லி. புள்ளி ஒரு இடம் தள்ளி 1.5 மில்லி ஆனால் பத்து மடங்கு மருந்து. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் அங்கே மருந்து போடவே கூடாது.

முதல் பிரிவே வாழ்நாள் முழுக்க என்று பயப்படவும் வேண்டாம். அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர், ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவரைத்தான் தேர்ச்சி பெற்றவர் என்று கணக்கிடுகிறார். அனுபவசாலியாக இருந்தாலும் பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் மறுபடி புதியவர்தான் என்றும் சொல்கிறார். என் ஐசியூவுக்கு வந்த மூத்த சிஸ்டர்களிடம் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். பிரிவு மாறினால் முதலில் தடுமாறுவது யாருக்கும் இயல்பு, அதற்காக மாறாமல் இருக்க வேண்டாம்.

வெளிநாட்டைப் பற்றி: வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களிடம் பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், ஐசியூவுக்கு, எமர்ஜென்சிக்கு ஆள் எடுப்பது அதிகம். ஆறு மாத வார்டு அதைக் கெடுக்காது. அனுபவச் சான்றிதழில் எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குங்கள். நர்சிங் ஆபீசர் வேலைக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்தவர்களிடம் அனுபவம் கேட்பதில்லை, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்தவர்களுக்குத்தான் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருடம் வேண்டும். எம்.எஸ்சி. எண்ணம் இருந்தால் ஒரு வருட அனுபவம் போதும், எந்தப் பிரிவானாலும்.

பிரிவை விட முக்கியமாக நான் நினைப்பது அந்தப் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டரை. முதல் நைட் டியூட்டியில் உங்களோடு நிற்கும் சீனியர் யார், எத்தனை வாரம் தனியாக நோயாளி தராமல் கூடவே வைத்துப் பழக்குவார்கள் என்று நேர்காணலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், காலை டியூட்டி மாறும் நேரத்தில் மருத்துவமனை வாசலில் உள்ள டீக்கடைக்குப் போங்கள். இரவு முடித்து வரும் சிஸ்டர்களிடம் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்வார்கள்.

ஆறு மாதம் கழித்து ஐசியூ என்ற பேச்சை நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைத்தால்தான் வேலை என்றால், நேரில் காட்டுகிறேன், சரிபார்த்துக்கொண்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலும் பதிவுச் சான்றிதழும் அவர்கள் பீரோவில் இருந்தால், நாளைக்கு அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது மருத்துவமனை அலுவலக வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.