என்.பி.ஏ. ஜாம் விளையாட்டை இன்று முதன்முறையாக விளையாடுபவருக்கு அதில் என்ன இருக்கிறது?

கூடைப்பந்தின் விதிகளே தெரியாத ஒருவர் பழைய செகா ஜெனிசிஸ் வீடியோ கேம் கருவியில், என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் பெயர் தாங்கிய என்.பி.ஏ. ஜாம் விளையாட்டை இப்போது தொடங்கினால் ரசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். மார்க் டர்மெல் தலைமையிலான குழு மிட்வே நிறுவனத்தின் ஆர்கேட் இயந்திரத்துக்காக (காசு போட்டு விளையாடும் பொது இயந்திரம்) 1993-இல் இதை உருவாக்கியபோதே விதிகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டது. அணிக்கு ஐவர் அல்லர், இருவர்தான். எதிராளியைத் தள்ளி வீழ்த்தினாலும் ஃபவுல் கிடையாது. கூடையை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்ட பந்தைத் தடுக்கக் கூடாது, 24 விநாடிக்குள் பந்தை எறிந்துவிட வேண்டும் என்னும் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

தலைக்கு மேல் பல அடி உயரம் எழும்பிச் சுழன்று பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் காட்சிகளையே எல்லோரும் முதலில் குறிப்பிடுவார்கள். ஒரே ஆட்டக்காரர் அடுத்தடுத்து மூன்று கூடை போட்டுவிட்டால் பந்து தீப்பற்றி எரியும். வர்ணனையாளர் டிம் கிட்ஸ்ரோவின் குரல் அதை உற்சாகமாக அறிவிக்கும். அதன்பின் அந்த ஆட்டக்காரருக்கு டர்போ, அதாவது வேகமாக ஓடவைக்கும் கூடுதல் சக்தி, தீராது, எங்கிருந்து எறிந்தாலும் பந்து பெரும்பாலும் கூடையைச் சேரும். இவையெல்லாம் அழகுதான். ஆனால், இத்தனை ஆண்டுகளாக என்னை இந்த விளையாட்டோடு பிணைத்து வைத்திருப்பது அந்த இரண்டாவது ஆட்டக்காரர். தனியாக விளையாடும்போது நீங்கள் ஒருவரை மட்டுமே இயக்குகிறீர்கள். பந்து கூட்டாளியிடம் இருக்கையில் பாஸ் பொத்தானை அழுத்தினால் உங்களுக்கு அனுப்புவார், எறியும் பொத்தானை அழுத்தினால் கூடையை நோக்கி எறிவார். எப்போது கேட்பது, எப்போது அவரையே எறியவிடுவது என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. யூட்டா அணியில் ஜான் ஸ்டாக்டனை நான் இயக்கி, கூடையருகே நிற்கும் கார்ல் மலோனுக்குப் பந்தைக் கொடுத்து விளையாடியபோதுதான், விதிகளையெல்லாம் களைந்த பிறகும் கூடைப்பந்தின் உயிரான இருவர் புரிதல் அப்படியே எஞ்சியிருப்பதை உணர்ந்தேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பின்தங்கும் அணிக்கு இந்த விளையாட்டு மறைமுகமாக உதவுகிறது. பெரிய முன்னிலையோடு நான்காவது கால்பகுதிக்குள் நுழைந்தவர், தாம் எறியும் பந்துகள் திடீரெனத் தவறுவதையும் எதிரணியின் பந்துகள் விழுவதையும் காண்பார். கணினியோடு மோதும்போது இது எனக்கும் எரிச்சலூட்டியிருக்கிறது. ஆனால் அண்ணனும் நானும் அருகருகே உட்கார்ந்து விளையாடிய நாட்களில், தோற்றுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போகாமல் கடைசி விநாடிவரை நம்பிக்கையோடு இருந்ததற்கு இந்த உதவியே காரணம் என்பதால், இதை நான் குறையாகக் கருதுவதில்லை. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகரான டர்மெல், அந்த அணிக்கு எதிரான நெருக்கமான ஆட்டங்களில் சிகாகோ புல்ஸ் கடைசி நொடியில் எறியும் பந்துகள் தவறும்படி ஆர்கேட் நிரலை எழுதியதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த புல்ஸ் அணியில் அதன் பெரும் நட்சத்திரமான மைக்கேல் ஜோர்டன் இல்லை என்பதையும் கவனிப்பீர்கள். அவர் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமை என்.பி.ஏ. ஒப்பந்தத்துக்குள் வரவில்லை.

இகுவானா நிறுவனம் வீட்டுக் கருவிக்கு மாற்றியமைக்க, அக்ளைம் வெளியிட்ட ஜெனிசிஸ் பதிப்பு 1994 மார்ச் 4 அன்று கடைகளுக்கு வந்தது. ஆர்கேடின் படத்தெளிவும் குரல்வளமும் இதில் குறைவு. ஆட்டத்தின் வேகம் குறையவில்லை. இரண்டாவது கன்ட்ரோலரைக் கட்டாயம் வாங்குங்கள். நால்வர் விளையாட வேண்டுமென்றால் தனி இணைப்பான் வேண்டும்.

பயன்படுத்திய கார்ட்ரிட்ஜை வாங்கவும் தயங்க வேண்டாம். ஜெனிசிஸ் பதிப்பு பதிவுகளைச் சேமிக்க பேட்டரியை நம்பியிருக்கவில்லை. மின்சாரம் இல்லாமலும் தகவலைத் தாங்கும் ஈஈப்ராம் (EEPROM) சில்லு அதில் உள்ளது. நான் வாங்கிய பழைய கார்ட்ரிட்ஜில் முன்பு வைத்திருந்தவரின் மூன்றெழுத்துப் பெயர் இன்னும் இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.