அப்பாவின் தபால்தலை ஆல்பங்களை விற்கலாமா?

கேள்வி: என் அப்பா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தபால்தலைகள் ஆறு ஆல்பங்களில் இருக்கின்றன. ஒரு பெட்டி நிறையப் பழைய கடித உறைகளும் உண்டு. ஒருவர் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். அது நியாயமான விலையா? விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவரிடம் இப்போதைக்குப் பிடி கொடுக்காதீர்கள். வாங்க வந்தவரே மதிப்பும் போட்டால், விலை குறைவதில் அவருக்குத்தான் லாபம். கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பிடும் ஒருவரைத் தேடுங்கள். சேகரிப்பைத் தானே வாங்குவதில்லை என்று அவர் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்டால் வேண்டாம். செலவிடும் நேரத்துக்குக் கேட்பதுதான் முறை. 'இன்று விற்றால் என் கைக்கு என்ன வரும்' என்று தெளிவாகக் கேளுங்கள். காப்பீட்டுக்குப் போடும் மதிப்பு வேறு, அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

அதுவரை எதையும் துடைக்கவோ, உறைகளில் இருக்கும் தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கவோ கூடாது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த உறைப் பெட்டிதான். கடிதம் எங்கிருந்து, எந்த வழியாக, எப்போது போனது என்பதையும், போர்க்காலத்தில் தணிக்கை ஆனதா என்பதையும் உறைமேல் விழுந்த முத்திரைகள் சொல்லும். அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. தலையை மட்டும் பிரித்தெடுத்தால் அந்த மதிப்பு போனது போனதுதான்.

பழையதென்றால் விலை அதிகம் என்று நினைக்க வேண்டாம். உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக் 1840-ல் வந்தது. ஆறரைக் கோடிக்கு மேல் அச்சடித்தார்கள், இன்றும் அது அரிதல்ல. அதற்குப் பின் வந்த பென்னி ரெட் தலைகளில், 1864 முதல் வெளியானவற்றின் ஓரச் சித்திர வேலைக்குள் அச்சுத் தகட்டின் எண் பொடியாக இருக்கும். மற்ற எண்கள் பெரும்பாலும் சாதாரணம். 77 என்று இருந்தால் அது பெரும் செல்வம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிபுணருக்குக் கொடுக்கும் கட்டணம் இப்படிப்பட்ட பார்வைக்குத்தான்.

அடுத்தது நிலை. பின்பக்கப் பசை அப்படியே இருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்டப் பயன்படுத்திய ஹிஞ்ச் என்ற சிறு தாள்துண்டு தடம் விட்டிருக்கிறதா, ஓரத்துப் பல் உடைந்திருக்கிறதா, தாள் எங்காவது மெலிந்திருக்கிறதா என்பதெல்லாம் விலையைத் தலைகீழாக்கும். சேகரிப்பாளர்களுக்கென்றே முத்திரை குத்தி மொத்தமாக விற்ற தலைகளுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிச்செல் போன்ற தபால்தலை விலைப் பட்டியல் புத்தகங்களில் பார்க்கும் விலைகளைக் கூட்டிப் போட்டு மனக்கணக்கு போடாதீர்கள். குறையில்லாத ஒரு தலையைச் சேகரிப்பாளர் கடையில் வாங்கினால் என்ன கொடுப்பார் என்பதற்கான கணக்கு அது. டீலர் உங்களுக்குத் தருவது அதில் ஒரு சிறு பங்குதான். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கவும் வேண்டாம். வாங்கியதில் பாதி விற்க அவருக்கு வருடக்கணக்காகலாம்.

விலை உயர்ந்தது என்று நிபுணர் சுட்டிக்காட்டும் தலைக்கு, விற்பதற்கு முன் அசல் என்ற சான்றிதழ் வாங்குங்கள். லண்டனில் 1869-ல் தொடங்கிய ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி போன்ற அமைப்புகள் தருகின்றன. புதிதாகப் பசை தடவியதையும் பல் வெட்டியதையும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாத் தலைக்கும் வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது.

சரி, விற்பது என்று முடிவானால், நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போக யாரையும் விடாதீர்கள். மிச்சத்தைப் பிறகு யாரும் சீந்த மாட்டார்கள். அரிய தலைகளுக்கும் நல்ல உறைகளுக்கும் ஏலம் பொருந்தும்; மற்றதை ஒரே லாட்டாக டீலருக்குக் கொடுக்கலாம். ஏல நிறுவனத்தின் கமிஷன், குறைந்தபட்ச விலை, விற்காவிட்டால் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பு சொற்பம் என்று வந்தால், பெரும்பாலான ஆல்பங்களுக்கு அப்படித்தான் வரும், அவசரப்பட்டு விற்க நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு விலை ஏறும் என்று காத்திருப்பதும் வீண். அப்பா கைப்பட குறிப்பு எழுதிய ஆல்பத்தை வைத்துக்கொண்டு மற்றதை, ஆசையாகச் சேர்க்கத் தொடங்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். வைத்துக்கொள்பவற்றை பிவிசி பிளாஸ்டிக் உறைகளிலிருந்து எடுத்து, ஈரமில்லாத இடத்தில் ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள்.