காய்ச்சல் என்று இனிச் சொல்லாதீர்கள்

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் குடிக்கும் என் கணவர், ‘நான் குடிகாரன் இல்லை, வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன், நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன், உன் தொல்லையால்தான் குடிக்கிறேன்’ என்கிறார். எழுந்திருக்க முடியாத நாள்களில், காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொல்வது நான்தான். சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்துவிடு என்கிறார் நாத்தனார். இப்படிக் கூசாமல் பொய் சொல்பவரைத் திருத்த முடியுமா?

பதில்: உங்களிடம் சொல்லும் பொய்யை அவர் முதலில் தமக்கே சொல்லி நம்பிவிட்டார். குடியை விட முடியவில்லை என்ற வெட்கத்தைத் தாங்க இயலாத மனம், முதலில் உண்மையையே மறுக்கிறது. மறுக்க முடியாத இடத்தில் காரணம் கற்பிக்கிறது. அதுவும் செல்லாதபோது பழியை அருகில் இருப்பவர் மீது இறக்கி வைக்கிறது. உளவியலார் இவற்றைத் தற்காப்பு உத்திகள் என்பார்கள். அந்தப் பழி உங்களுடையது அன்று. இதை எத்தனை முறை கேட்டாலும் இப்படித்தான் எழுதுவேன்.

ஆனால், ‘ஒழுங்காகப் போகிறேன்’ என்று அவர் சொல்ல முடிவது நீங்கள் சொல்லும் காய்ச்சலால்தான். அன்பினாலும் அச்சத்தினாலும் செய்கிறீர்கள் என்பது புரிகிறது. எனினும் அவருடைய மறுப்புக்கு முட்டுக் கொடுப்பது அதுவே. அடுத்த முறை அலுவலகத்துடன் அவரே பேசட்டும்.

சண்டையும் உதவாது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு மல்லுக்கு நின்றாரோ, ஓராண்டுக்குப் பின்னும் அவரிடம் வந்தவர் அவ்வளவு கூடுதலாகக் குடித்தார் என்று தெரிந்தது. ஆகவே உங்கள் கணவர் தெளிவாக இருக்கும் காலையில், ‘குடிகாரர்’ என்ற சொல்லை எடுக்காமல், எந்த நாளில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லி, மருத்துவரிடம் வர அழையுங்கள்.

நாத்தனார் சொல்வதைச் செய்யவே செய்யாதீர்கள். குடியை நிறுத்துவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடலில் இருக்கும்போது மது சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவர் அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. ‘நாளைக்கே நிறுத்துகிறேன்’ என்று அவர் உண்மையாகவே துணிந்தாலும் வீட்டிலேயே நிறுத்த விடாதீர்கள்: தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். அவர் வர மறுத்தாலும், நீங்கள் இன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் இலவச மனநல உதவி) எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.