'போல' வந்தாலே உவமையா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். செய்யுளில் 'போல' கண்ணில் பட்டால் உடனே உவமையணி என்று எழுதிவிடுகிறாள். அது இல்லாவிட்டால் திணறுகிறாள். அணியைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: 'போல' மாதிரியான உவம உருபைத் தேடுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். 'மழை வரும் போல இருக்கு' என்கிறோம். அதில் 'போல' உண்டு, உவமை இல்லை, வெறும் ஊகம். பாட்டு எதைப் பற்றிப் பேசுகிறது, அதைச் சொல்ல வெளியிலிருந்து எதைக் கொண்டுவருகிறது என்று பார்க்க வேண்டும். முன்னது பொருள், பின்னது உவமை.

நம் பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். 'கோடையில் பாலாறு வறண்டு கிடந்தது' என்பது செய்தி. 'பாம்பு உரித்த சட்டைபோலப் பாலாறு கிடந்தது' என்பது உவமை. வெளுத்து, நெளிந்து கிடப்பது இரண்டுக்கும் பொது. இந்தப் பொதுத்தன்மையை அவள் வாயால் சொல்லிவிட்டால் உவமை பிடிபட்டுவிட்டது. பண்பு, தொழில், பயன் என்று மூன்று வழிகளில் அது அமையும் என்கிறது அணி இலக்கண நூலான தண்டியலங்காரம்.

'மழை கேட்டு மேற்கே தலைவைத்துப் படுத்திருந்தது பாலாறு' என்று எழுதினால்? ஆறு மேற்கிலிருந்து வருகிறது, அது இயல்பு. மழை கேட்டுத்தான் அப்படிப் படுத்திருக்கிறது என்பது எழுதியவர் தாமாக ஏற்றிய காரணம். இது தற்குறிப்பேற்ற அணி. பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மதுரை மதிலில் காற்றுக்கு ஆடும் கொடிகள், கோவலனை 'வாரல்' (வராதே) என்று கைகாட்டி மறிப்பனபோல் இருந்ததாகச் சிலப்பதிகாரம் பாடுகிறது. 'போல்' வந்தும் அது உவமையணி அல்ல. இயல்பான அசைவுக்குக் கவிஞர் ஒரு காரணம் கற்பிக்கிறார்.

உருவகத்தில் பொருளும் உவமையும் வேறு வேறாக நிற்பதில்லை. மலர்போன்ற அடி 'மலரடி', அது உவமைத்தொகை. அடியையே மலராக்கினால் 'அடிமலர்', அது உருவகம். 'பிறவிப் பெருங்கடல்' என்ற குறளில் பிறவி கடலாகிறது. ஆனால் கடக்க உதவும் இறைவன் அடி தெப்பமாக உருவகிக்கப்படவில்லை. ஒரு பாதி மட்டும் உருவகமானதால் ஏகதேச உருவகம்.

உவமையும் பொருளும் தனித்தனித் தொடராக நின்று, நடுவில் உருபு மறைந்திருந்தால் எடுத்துக்காட்டு உவமை. 'அகர முதல' குறளே போதும். பொருளைச் சொல்லாமல் உவமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பிறிதுமொழிதல். மயிற்பீலி ஏற்றிய வண்டியும், அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்கிறது குறள். மிஞ்சிய பகையைத் தாங்க முடியாது என்ற பொருளை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

தேர்வில் அணியின் பெயரோடு நிறுத்தாமல் இலக்கணம், உவமை, பொருள், உருபு, பொருத்தம் ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். உருபு மறைந்திருந்தால் 'உவம உருபு மறைந்து வந்துள்ளது' என்றே எழுதட்டும்.