நெல்லையில் பழைய வரி வக்கீல் ஆபீஸ்களில் என்னதான் நடக்கும்?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் தாத்தா காலத்து வரி வக்கீல் ஆபீஸ் சிலது இருக்கே, அங்கே என்ன வேலை? ஆடிட்டர் போதாதா?

ரிட்டர்ன் போட ஆடிட்டர் போதும். நோட்டீஸ் வந்தால்தான் அண்ணாச்சிமார் எங்கள் படியேறுவார்கள். பாளையங்கோட்டையில் அப்படி ஓர் ஆபீஸில் ஆறு வருஷம் ஜூனியராக இருந்தேன்.

சீனியரின் தாத்தா சிவில் வக்கீல். மதுவிலக்கால் போன வருமானத்துக்கு ஈடாக 1939-ல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரி கொண்டுவந்தது. இந்தியாவுக்கே அதுதான் முதல். ரத வீதிக் கடைக்காரர்கள் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வர, தாத்தா வரி வக்கீலாகிவிட்டார். பிறகு 1959-ல் புது விற்பனை வரிச் சட்டம், 2007-ல் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, 2017-ல் ஜிஎஸ்டி. சட்டம் மாறினாலும் பரண் காலியாகாது. சரக்கு வாங்கிய வெளிமாநில வியாபாரி சி ஃபாரம் (விற்றவருக்கு வரியைக் குறைக்கும் சான்று) தராததால் விழுந்த வரி பாக்கி, வாட் போன பின்னும் வழக்காக ஓடியது. மதுரைக் கிளை 2004-ல் வரும்வரை ஹைகோர்ட் என்றால் சென்னைதான். ஃபைல் கட்டுகள் நெல்லை எக்ஸ்பிரஸில் போகும்.

வருமான வரி அப்பீலும் உண்டு, ஆனால் எனக்குப் பிடித்தது எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்ற சண்டைதான். கருப்பட்டியையே எடுங்கள். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே எடைபோட்டுப் பாக்கெட் கட்டி லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். கேட்கிறவருக்கு அந்த இடத்திலேயே நிறுத்துக் கொடுத்தால் வரியே இல்லை. சரி, ஓலைக் கொட்டானில் கடைப்பெயர்ச் சீட்டைச் செருகித் தைத்தால் அது பாக்கெட்டா? ஒரு மத்தியானம் முழுக்க இதைப் பேசினோம், கருப்பட்டிக் காப்பியோடு.

இப்போது கூட்டம் சேர்வது போர்ட்டலால், அதாவது ஜிஎஸ்டி இணையதளத்தால். நோட்டீஸ் தபாலில் வராமல் அங்கேயே கிடக்கும்; முன்பெல்லாம் 'கூடுதல் நோட்டீஸ்' என்ற மூலையில் ஒளிந்து கிடந்தது. மேலப்பாளையம் கடைக்காரர் ஒருவர், பேங்க் கணக்கு முடங்கிய பிறகுதான் வந்தார். "கடுதாசி ஒண்ணும் வரலையே சார்" என்றார். மூன்று மாத அப்பீல் கெடுவும், மன்னிப்புக் கேட்டு வாங்கக்கூடிய கூடுதல் ஒரு மாதமும் தாண்டியிருந்தது. மிச்சம் ரிட்தான், அதாவது நேரே ஹைகோர்ட்டில் போடும் மனு. இப்படிப்பட்ட பல வழக்குகளில் சென்னை ஹைகோர்ட், தகராறிலுள்ள வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி, மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. அவருக்கும் அப்படியே கிடைத்தது.

உங்களுக்கும் ஆர்டர் வந்திருந்தால், போர்ட்டலில் அது ஏறிய தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள். சீனியர் முதலில் கேட்பது அதைத்தான். பில் கட்டையெல்லாம் அப்புறம்தான் பிரிப்பார்.