பிங்க் புக்கில் ‘1’ என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை ரயில் பாதைக்கு 2006-07லேயே அனுமதி கிடைத்தது. சில வருஷம் ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்கினார்களாம். டெல்லியில் ஆள் பிடித்து நிதி வாங்கித் தருவதாக ஒருவர் வீட்டுக்கு 500 ரூபாய் வசூலிக்கிறார். கொடுக்கலாமா? நாங்கள் யாருக்கு மனு எழுத வேண்டும்? ‘நட்டத்தில் ஓடும்’ என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? – செஞ்சி வாசகர்.

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். ரயில்வே நிதி ஆள் பிடித்து வாங்குகிற சரக்கு அல்ல. மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் மனு போடக் கட்டணம் கிடையாது. எம்.பி.யிடம் மனு கொடுக்கவும் காசு வேண்டாம். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குப் பத்து ரூபாய். இதற்கு மேல் ‘டெல்லி செலவு’ என்று கேட்பவர் உங்களுக்காகக் கேட்கவில்லை.

இப்போது அந்த ஆயிரம் ரூபாய். பட்ஜெட் முடிந்ததும் ரயில்வே மண்டலவாரியாக ஒரு பணிப் பட்டியல் வெளியிடும். அதைத்தான் பிங்க் புக் என்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். புதிய பாதைகள் ‘திட்டத் தலைப்பு 11’ என்ற பகுதியில் இருக்கும். தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இருப்பதால் ‘1’ என்றால் ஆயிரம் ரூபாய். திட்டத்தைப் பட்டியலிலிருந்து தூக்காமல் பெயரளவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மதிப்பீட்டுச் செலவு, இதுவரை செலவானது, இந்த ஆண்டு ஒதுக்கீடு என்ற மூன்று தொகைகளையும் சேர்த்துப் படியுங்கள். ஒதுக்கீட்டை மட்டும் பார்த்து மாலை போடவும் வேண்டாம், மறியல் செய்யவும் வேண்டாம். பிப்ரவரியில் கோடிகளைக் காட்டிவிட்டு, செலவாகவில்லை என்று திருத்திய மதிப்பீட்டில் (அதே ஆண்டின் ஒதுக்கீட்டைப் பின்னர் திருத்தும் கணக்கு) திருப்பி எடுத்துக்கொள்வது வாடிக்கை.

ஏன் செலவாவதில்லை? பெரும்பாலும் நிலம்தான். ரயில்வே பணம் கட்ட வேண்டும், மாநில வருவாய்த் துறை நிலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். நிலம் இல்லை, அதனால் பணம் இல்லை என்பது ரயில்வேயின் வாதம். பணம் வரவில்லை, அதனால் நிலம் எடுக்கவில்லை என்பது மாநிலத்தின் வாதம். இரண்டு பக்கமும் கோப்பைத் தள்ளிவிட்டே வருஷங்களைக் கரைத்துவிட்டார்கள். 70 கிலோமீட்டர் பாதைக்கு இது வெட்கக்கேடு. ஆகவே உங்கள் மனுவை இரண்டு பிரதியாக எழுதுங்கள்: ஒன்று ரயில்வேக்கு, மற்றொன்று மாநில அரசுக்கு.

ரயில்வே என்றதும் எல்லோரும் கோட்ட மேலாளரிடம் ஓடுகிறார்கள். ரயில் நிறுத்தம், நேரம், நடைமேடை என்றால் அவர்தான். புதிய பாதை அவர் கையில் இல்லை. அது எழும்பூரில் இருக்கும் தெற்கு ரயில்வே கட்டுமானப் பிரிவின் முதன்மை நிர்வாக அதிகாரி பொறுப்பு. மனு அவருக்கு, நகல் ரயில்வே வாரியத் தலைவருக்கு. மாநிலத்துக்கான மனு விழுப்புரம், திருவண்ணாமலை ஆட்சியர்கள் இருவருக்கும் போக வேண்டும். நில எடுப்புக்கென்று தனி வருவாய் அலுவலரும் வட்டாட்சியர்களும் வேண்டும் என்று அதில் கேளுங்கள்.

மனுவுக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு விவரம் வாங்குங்கள்: விரிவான மதிப்பீடு ஒப்புதல் பெற்ற தேதியும் தொகையும்; தேவைப்படும் நிலம், கையில் வந்த நிலம், கிராம வாரியாக; மாநில அரசிடம் கட்டிய பணம்; கடைசி மூன்று ஆண்டுகளின் ஒதுக்கீடு, திருத்திய ஒதுக்கீடு, உண்மைச் செலவு. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இந்தப் பாதை ஆரணி, விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய மூன்று மக்களவைத் தொகுதிகளைத் தொடுகிறது. செஞ்சி, ஆரணி தொகுதியில் வருகிறது. மூன்று எம்.பி.க்களையும் எழுத்துப்பூர்வ பதில் கேட்கும் கேள்வி போடச் சொல்லுங்கள். ‘தமிழ்நாட்டுத் திட்டங்கள் என்ன ஆயின?’ என்று கேட்டால், திட்டங்கள் மாநில வாரியாக அல்ல, மண்டல வாரியாக நடக்கின்றன என்ற பழைய பல்லவிதான் வரும். இந்த ஒரு பாதையின் பெயர், எத்தனை ஹெக்டேர், எந்தத் தேதி என்று கேள்வியைக் குறுக்குங்கள். மக்களவையில் பொதுப் பிரச்சினைகளை எழுப்ப வழிசெய்யும் விதி 377இன் கீழ் பேசினால் அமைச்சரிடமிருந்து கடிதமாகப் பதில் வரும். அதை எம்.பி.யிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் குழம்புகிறார்கள். மாநிலம் பாதிச் செலவை ஏற்கும் திட்டங்களின் கணக்கு வேறு. கர்நாடகம் சில பாதைகளுக்குப் பாதிச் செலவோடு நிலத்தையும் இலவசமாகத் தருகிறது. கேரளத்தின் அங்கமாலி – சபரிமலை பாதை 1997-98இல் அனுமதியாகி, 2019இல் ரயில்வேயால் முடக்கப்பட்டது. 2021இல் மாநிலம் பாதிச் செலவை ஏற்பதாகச் சொன்ன பிறகுதான் பேச்சு மறுபடி ஓடியது. இப்படிப்பட்ட திட்டத்தில் மாநிலம் பங்குத் தொகை கட்டாதவரை டெல்லியில் கத்திப் பயனில்லை. அதனால் உங்கள் பாதைக்கு அப்படி ஏதாவது ஒப்பந்தமோ கடிதப் போக்குவரத்தோ உண்டா என்பதையும் தகவல் மனுவில் சேர்த்துக் கேளுங்கள். இருந்தால், மனுவின் முதல் முகவரி தலைமைச் செயலகம்.

நட்டம் என்பவர்களுக்குப் பதில் ரயில் டிக்கெட்டிலேயே இருந்தது. பயணச் செலவில் 57 சதவீதம்தான் கட்டணமாகக் கிடைக்கிறது என்று ரயில்வேயே 2016 முதல் அச்சடித்தது. 2022-23இல் பயணிகளுக்குத் தந்த மானியம் 56,993 கோடி ரூபாய் என்று ரயில்வே அமைச்சரே சொன்னார். நாடு முழுக்கப் பயணிகள் சேவை கட்டணத்தில் மட்டும் நிற்கவில்லை. செஞ்சியிடம் மட்டும் லாபம் கேட்பது என்ன நியாயம்? அதே ஊர்களை இணைக்கும் கிருஷ்ணகிரி – திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை வருஷத்துக்கு எவ்வளவு லாபம் தருகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. அது பொதுச் சேவை, ரயிலும் அப்படித்தான். மனுவில் கண்ணீரை விடக் கணக்கு நல்லது: செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நெல் மூட்டைகள், பௌர்ணமிக்கு விடும் சிறப்புப் பேருந்துகள், 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டைக்கு வரும் பயணிகள். அந்தந்த அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி இணையுங்கள்.

வசூல்காரரை விடப் பெரிய ஆபத்து மனை விற்பவர். சர்வே வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து, ‘ஸ்டேஷன் இங்கேதான்’ என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு விற்கிறார்கள். பாதைத் தடம் மாறலாம். மாறாவிட்டால் அந்த மனையே நில எடுப்பில் போகலாம். நில எடுப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சரிபார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ரயில் பயனாளர் ஆலோசனைக் குழு உறுப்பினர் என்று கார்டு நீட்டுபவரிடமும் மயங்க வேண்டாம். அந்தக் குழு யோசனை சொல்லும், நிதி ஒதுக்காது.

ஜனவரியில் மனு கொடுப்பது வீண், பிப்ரவரி 1இல் பட்ஜெட். மண்டலங்கள் அடுத்த ஆண்டுத் தேவையைத் தொகுப்பது அதற்குப் பல மாதம் முன்பே. ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் பாதை ஓர ஊராட்சிகள் தீர்மானம் போடட்டும். செஞ்சி பேரூராட்சி என்பதால் அங்கே மன்றத் தீர்மானம். ‘நிலம் எடுக்க ஒத்துழைக்கிறோம், இழப்பீட்டை உடனே தர வேண்டும்’ என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். தீர்மான நகல், தகவல் உரிமைப் பதில், புள்ளிவிவரம் மூன்றையும் மனுவோடு சேர்த்து, செப்டம்பருக்குள் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.