வெளிநாட்டு மாத்திரையை வாங்கலாமா?

கேள்வி: அப்பாவோட மாத்திரை வெளிநாட்டுல பாதி விலைக்குக் கிடைக்குதாம், ஆன்லைன்ல வரவழைக்கலாமா, ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: முதல்ல உங்க நாட்டு சட்டத்தைப் பாருங்க, இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கிறதுகூட பெரும்பாலும் சட்டவிரோதம்தான், சில சமயம் மூணு மாச அளவு வரைக்கும் அதிகாரிங்க விட்டுடுவாங்க, ஆனா அதை நம்பி பணத்தைக் கட்டிடாதீங்க. டாக்டர் சீட்டே கேட்காம விக்கிற சைட்னா உடனே வெளிய வந்துடுங்க, அப்புறம் லைசென்ஸ் இருக்குன்னு அவங்களே போட்டிருக்கிற லிங்க்கை நம்பாம அந்த சைட் எந்த நாட்டுல இருக்கோ அந்த நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்போட பதிவேட்டுல நீங்களே தேடிப் பாருங்க.

எனக்கு ரொம்ப பயம் தர்றது பேர் குழப்பம்தான். ஃப்ளோமேக்ஸ்னு அமெரிக்காவுல விக்கிறது ப்ராஸ்டேட் பிரச்சனைக்கு, அதே பேர்ல இத்தாலியில விக்கிறது வீக்கத்துக்கான மருந்து! அதனால பிராண்ட் பேரை விட்டுட்டு உள்ள இருக்கிற மருந்தோட பேரு, மில்லிகிராம் ரெண்டையும் பழைய அட்டையோட வச்சு ஒத்துப் பார்த்துட்டு, டாக்டர்கிட்டயோ மருந்தாளுநர்கிட்டயோ காட்டின பிறகுதான் அப்பாவுக்குக் கொடுக்கணும். இன்சுலின் மாதிரி 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கவேண்டிய மருந்தைத் தபால்ல வரவழைக்கவே வேண்டாங்க.

எதுக்கும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதுக்கு ஜெனரிக், அதாவது அதே மருந்து பிராண்ட் பேர் இல்லாம விக்கிறது, இருக்கான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, நிறைய பேருக்கு அதுலயே செலவு குறைஞ்சிடுது.